டேரன் மூடாத இலை

புரசைவாக்கத்துல பெரிய ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு சந்து. அந்தச் சந்துல ஞானம் சலூன். அங்க ரெண்டு நாற்காலி இருக்கு. ஒண்ணு சுத்தும், ஒண்ணு சுத்தாது. ஒரு சனிக்கிழமை காலைல ஒம்பதரை மணிக்கு, சுத்துற நாற்காலில, ரெண்டு கன்னத்துலயும் சோப்பு நுரையோட உக்காந்திருந்தாரு தெய்வசிகாமணி.

தெய்வசிகாமணி, நாலு தெரு தள்ளி இருக்கிற வயிறார மெஸ்ல சப்ளையர். வயசு முப்பத்தொம்பது. சாம்பார், ரசம், கூட்டு, மோர்னு நாலு வாளியை ஒரே நேரத்துல தூக்கிட்டு ஓடுவாரு, கூடவே வாயில ஒரு கதையும் ஓடிட்டிருக்கும். பதினாறு எடத்துல ஜாதகம் குடுத்து, "மாப்பிள்ளை சப்ளையரா?"ங்கற ஒரே கேள்வில பதினாறும் தட்டிப்போச்சு. பதினேழாவது அரக்கோணம். போட்டோவைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணே வாயைத் தொறந்து, "மீசை நல்லாருக்கு"ன்னு சொல்லிச்சாம். தரகர் வந்து சொன்ன அந்த நிமிஷத்துலேர்ந்து தெய்வசிகாமணி கண்ணாடியைப் பார்க்காம வாளியைத் தொடறதில்ல. நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை பார்க்க வர்றாங்க. அந்தப் பொண்ணும் வருது.

"கன்னத்தை மட்டும் எடு ஞானம். மீசைகிட்ட கத்தி வந்துச்சுன்னா கொலை விழும்"னாரு.

"உன் மீசையை வெச்சு நான் என்ன பண்றது? என் தலையைப் பாரு"ன்னாரு ஞானம். அது நெசந்தான். அம்பத்தஞ்சு வயசுல அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சுருட்டை முடி. கடைக்கு வேற போர்டே வேணாம்.

சுத்தாத நாற்காலில சபேசன் சார். தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. வெட்டிக்கிறதுக்குத் தலையில ஒண்ணும் கிடையாது. ஓசிப் பேப்பர் படிக்கத்தான் தினமும் வருவாரு.

"பத்து மணிக்கு ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கேன் ஞானம். நல்லா வெட்டி விடு. நாளைக்கு எங்கூட நிக்கப் போறவன். டேரன்னு பேரு. ஆஸ்திரேலியாக்காரன்."

ஞானம் கத்தியை அந்தரத்துல நிறுத்திட்டாரு. "இந்தச் சந்துக்கு? வெள்ளைக்காரனா? முடி வெட்டவா? காலைலயே ஆரம்பிச்சிட்டியாய்யா?"

"என்ன ஆரம்பிச்சிட்டேன்? பூமிக்கடியில ரயில் விடக் குடையறாங்கல்ல, அந்த மெஷினை ரிப்பேர் பார்க்க வந்திருக்கான். மெஸ்ஸுக்குப் பின்னாடித் தெருவுல மாடி போர்ஷன்ல இருக்கான். ஆறு மாசமா எங்க மெஸ்லதான் சாப்பாடு. அவன் மொத நாள் சாப்பிட்ட கதை தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

வேணாம்னு சொன்னா நிறுத்தற ஆளா அவரு? நுரையை வாயோரத்துலேர்ந்து வழிச்சு விட்டுட்டு ஆரம்பிச்சாரு.

"கரெக்டா பன்னெண்டு மணி. குனிஞ்சு உள்ள வர்றான். எங்க வாசல் போர்டுல என்ன போட்டிருக்கு? 'அளவில்லாச் சாப்பாடு'. இலையைப் போட்டேன், சாதம் போட்டேன், சாம்பார் ஊத்தினேன். சாப்பிட்டான். இலையை மூடலை. மூடலைன்னா என்ன அர்த்தம்? இன்னும் வேணும்னு அர்த்தம். போட்டேன். சாப்பிட்டான். மூடலை. போட்டேன்."

"மூடணும்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"ன்னாரு சபேசன்.

"எனக்கு எப்படிங்க சார் தெரியும், அவனுக்குத் தெரியாதுன்னு? அவங்க ஊர்ல, போட்டதை மிச்சம் வெச்சா பெத்தவங்களை அவமானப்படுத்தின மாதிரியாம். அவன் மிச்சம் வெக்க மாட்டேங்கறான். எங்க மெஸ்ல, மூடாத இலையைக் காலியா விட்டா முதலாளியை அவமானப்படுத்தின மாதிரி. நான் காலியா விட மாட்டேங்கறேன். ரெண்டு பேருமே மானஸ்தன். ஒரு மணிக்கு ஒரு அண்டா சோறு காலி. ரெண்டு மணிக்கு மூணு அண்டா."

"மூணு அண்டாவா! வயிறா, வண்ணான் சாலா?"

"குறுக்க பேசாத ஞானம், கன்னம் வெட்டிக்கும். மூணு மணிக்கு மெஸ்ல தண்ணி தீர்ந்துபோச்சு. தெருவுக்கு வந்த தண்ணி லாரியை மடக்கி அப்படியே அடுப்படிக்குத் திருப்பிட்டோம். சாம்பாருக்கே பத்தலை. ஏன் சார், அந்தப் புதன்கிழமை உங்க தெருவுக்கு லாரி வந்துச்சா?"

சபேசன் பேப்பரை இறக்கினாரு. "வரலியேப்பா. நான் போன் போட்டுக் கேட்டேன். 'வரும் வரும்'னாங்க."

"எப்படி வரும்? அதுதான் இவன் இலையில சாம்பாரா கிடக்கே! அந்த வாரம் ரேஷன்ல அரிசி போட்டாங்களா?"

"இல்ல, ஸ்டாக் இல்லைன்னு..."

"எங்க போச்சு ஸ்டாக்கு? பின்வாசல் வழியா மூட்டை மூட்டையா எங்க மெஸ்ஸுக்கு வந்துச்சு சார்! சாயந்தரம் கரன்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? தொகையலுக்காக ஒரே நேரத்துல நாப்பது கிரைண்டரைப் போட்டோம். தாங்குமா டிரான்ஸ்பார்மர்?"

"அடப்பாவி, பாதி ஷேவிங்ல ஒரு கஸ்டமரை உக்கார வெச்சுட்டு மெழுகுவத்தி தேடினேன்யா நான்"னு ஞானம் தன்னை மறந்து சொல்லிட்டு, அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. கதை கேக்கறவன் சாட்சி சொல்ல ஆரம்பிச்சிட்டா, கதை சொல்றவனைப் பிடிக்க முடியுமா? தெய்வசிகாமணி நாற்காலியை ஒரு சுத்து சுத்தி, சபேசன் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டாரு.

"நாலு மணிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துலேர்ந்து வாளி வாளியா சாம்பார் தூக்கிட்டு வந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. வந்தவங்க இவன் சாப்பிடறதைப் பார்த்தாங்க, அப்படியே பெஞ்சு போட்டு உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் மாலையோட வந்து இவன் கால்ல விழுந்தாங்க. இவன் என்ன பண்ணுவான் பாவம், எச்சில் கையை உயர்த்திப் புடிச்சுக்கிட்டு, இடது கையால ஆசீர்வாதம் பண்ணினான். அதுக்குள்ள இலை தேஞ்சு ஓட்டையா போச்சு. அவன் சாப்பிடற வேகத்துல எடுத்து மாத்த முடியலை. புது இலையை அடியில செருகிச் செருகி விட்டோம். ஏழு இலை!"

"அரசியல்வாதி யாரும் வரலியா?"ன்னாரு ஞானம் கிண்டலா.

"வராம? கவுன்சிலர் பொன்னாடையோட வந்தாரு. தோள்ல போட்டா சோறு பிசையற கை மாட்டிக்குதுன்னு இடுப்புல கட்டி விட்டாரு. 'ஏழை எளிய மக்களின் பசியைத் தன் ஒரே வயிற்றில் தாங்கும் தம்பி டேரன் அவர்களே'ன்னு முக்கால் மணி நேரம் பேசினாரு. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு அண்டா. ஆறு மணிக்கு அவன் கண்ணுல தாரை தாரையா தண்ணி. 'அண்ணே, எப்ப நிறுத்துவீங்க?'ங்கறான். நான், 'தம்பி, எப்ப இலையை மூடுவ?'ங்கறேன். 'மூடணுமா?'ன்னான். மூடினான். எப்படி மூடினான் தெரியுமா? தன் பக்கமா மூடாம, எதிர்ப்பக்கமா மூடிட்டான்!"

"ஐயய்யோ!"ன்னாரு சபேசன். "எழவு வீட்டுலல்ல அப்படி மூடுவாங்க!"

"அதைத்தான் சொல்றேன். கல்லாவுல இருந்த முதலாளி, 'யாருடா செத்தது?'ன்னு அலறிட்டாரு. கல்யாணக் கோஷ்டி வாசல் பக்கம் தெறிச்சு ஓடுது. கவுன்சிலர் எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு நிமிஷ மௌன அஞ்சலின்னாரு. முதலாளி தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாம்னு போறாரு, ஊர்லயே தண்ணி இல்ல. மோரை ஊத்திக்கிட்டாரு!"

ஞானம் கத்தியைக் கிண்ணத்துல போட்டாரு. "போதும். மோரு வரைக்கும் பொறுத்துட்டேன். பத்து மணிக்கு வர்றான்னியே, வரட்டும். அவன் வாயால, 'ஆமா, நடந்துச்சு'ன்னு சொல்லட்டும். என் தலையை மொட்டை அடிச்சுக்கறேன். இல்லைன்னு சொன்னா, உன் மீசை."

"ரைட்டு!"ன்னாரு தெய்வசிகாமணி.

கதை சொல்ற சூட்டுல வாய் முந்திக்கிச்சு. மூளை மெதுவா பின்னாடி வந்து சேர்ந்தப்போ காரியம் கெட்டுப்போச்சு. சபேசன் சார் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "நான் சாட்சி. வெள்ளைக்காரன் பொய் சொல்ல மாட்டான். அவங்க காலத்துல ஒரு பைல் காணாமப் போனதுண்டா?"ன்னாரு.

"சார், நீங்க பொறந்ததே அவங்க மூட்டை கட்டினப்புறம்"னாரு ஞானம்.

"இருந்தாலும்ப்பா. நம்மாளு சத்தியம் பண்ணினாலும் நான் நம்ப மாட்டேன். அவன் சும்மா சொன்னாப் போதும், எனக்கு."

நடந்தது என்னன்னு தெய்வசிகாமணிக்குத்தானே தெரியும்? டேரன் மொத நாள் சாப்பிட்டது ஏழு தடவை சோறு. மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம். இலையை மூடணும்னு அவனுக்குத் தெரியலை, எதிர்ப்பக்கம் மூடினான், அது மட்டும் சத்தியமான உண்மை. முதலாளி முறைச்சாரு, அவ்வளவுதான். மோரெல்லாம் ஊத்திக்கலை. அப்புறம் அந்தப் புள்ளைக்கு நிக்கவே முடியலை. தெய்வசிகாமணிதான் ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்து, கைத்தாங்கலா மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சாரு. மறுநாள்லேர்ந்து எந்தப் பக்கம் மூடணும், எப்படிப் பிசையணும், தமிழ்ல என்ன சொல்லி ரசம் கேக்கணும்னு எல்லாம் அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. அரக்கோணத்துக்குப் போன போட்டோகூட டேரன் எடுத்ததுதான். "அண்ணே, மூஞ்சியை விடுங்க, மீசையைத் தூக்குங்க"ன்னு சொல்லிச் சொல்லி எடுத்தான்.

நல்ல பையன். அதுதான் இப்போ பயமே. ஆறு மாசத்துல அவன் ஒரு பொய் சொல்லி இவர் கேட்டதில்ல. "சாம்பார் எப்படி?"ன்னு முதலாளி கேட்டா, "இன்னிக்கு உப்பு ஜாஸ்தி"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு.

"ஞானம், நாளைக்குப் பொண்ணு வருதுய்யா. வெளையாட்டை நாளன்னிக்கு வெச்சுக்கலாமே"ன்னு குரலை இறக்கினாரு.

"மீசையை வெச்சுப் பேசறப்போ பொண்ணு ஞாபகம் வரலியா?"

"வேணும்னா புருவத்தை எடுத்துக்க. ரெண்டையும் எடுத்துக்க."

"உக்காருய்யா"ன்னு தோளை அமுக்கி, மேல் உதட்டுல பிரஷ்ஷால நுரையைத் தடவ ஆரம்பிச்சிட்டாரு ஞானம். கண்ணாடில பார்த்தா மீசை வெள்ளையா போச்சு. தெய்வசிகாமணிக்கு அரக்கோணம் ஸ்டேஷன்ல ரயில் கிளம்பிப் போற மாதிரியே இருந்துச்சு. முப்பத்தொம்பது வருஷத்துல தன்கிட்ட ஒண்ணு நல்லாருக்குன்னு சொன்ன ஒரே பொண்ணு. அதையும் வாயாலயே தொலைக்கப் போறாரு.

பத்து அடிச்சுது. வாசல்ல வெளிச்சம் மறைஞ்சுது. ஆறேகால் அடி உசரம், மீசையில்லாத செவந்த மூஞ்சி, கட்டம் போட்ட லுங்கி, குனிஞ்சு ஒரு உருவம் உள்ள வந்துச்சு.

"சார், எத்தனை பேரு? உள்ள எடம் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. சப்ளையர்கிட்ட கத்துக்கிட்ட தமிழ் வேற எப்படி இருக்கும்?

சபேசன் எழுந்தே நின்னுட்டாரு. தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ்ல, "குட் மார்னிங் சார், வித் ரெஸ்பெக்ட் டு தி மேட்டர் ஆப் சாம்பார்..."னு ஆரம்பிச்சாரு.

"தமிழ்லயே கேளுங்க சார். சூடா இருக்கும்."

சபேசன் எல்லாத்தையும் ஒண்ணு விடாம கேட்டாரு. அண்டா, லாரி, ரேஷன் அரிசி, கல்யாணம், ஏழு இலை, கவுன்சிலர், முதலாளி தலையில மோரு. "பன்னெண்டு மணிக்கு உக்காந்து ஆறு மணி வரைக்கும் நீங்க சாப்பிட்டதா இவர் சொல்றாரு. நிஜமா? நிஜம்னா ஞானம் தலை மொட்டை. பொய்னா இவர் மீசை காலி"ன்னாரு.

டேரன், ஞானம் கையில இருந்த கத்தியைப் பார்த்தான். நுரைக்குள்ள இருந்த மீசையைப் பார்த்தான். அதுக்கு மேல ரெண்டு கண்ணு கெஞ்சுது, அதையும் பார்த்தான்.

"பொய்"னான்.

ஞானம் கத்தியைத் தூக்கினாரு. தெய்வசிகாமணி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு.

"ஆறு மணி வரைக்கும் சாப்பிட்டேன்னு சொன்னா அது சுத்தப் பொய் சார். ஆறு மணிக்குத்தான் ரசமே வந்துச்சு."

கத்தி அப்படியே நின்னுச்சு.

"அதுவரைக்கும் சாம்பார்தான்"னான் டேரன், சுவத்துல சாஞ்சுக்கிட்டு. "அண்ணன் எப்பவும் அடக்கமானவரு, குறைச்சுத்தான் சொல்லுவாரு. நாலு அண்டாவை விட்டுட்டாரு. ரசத்துக்குத் தக்காளி பத்தலை. கோயம்பேட்டுக்கு ஆள் அனுப்பினோம். அந்த வாரம் தக்காளி விலை எங்க போச்சு, ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு, இருக்கு! வீட்டுல ஒரு வாரம் புளி ரசந்தான்"னாரு சபேசன்.

"நான்தான் காரணம். மன்னிச்சுக்குங்க. ரசம் முடியறப்போ விடிஞ்சிடுச்சு. கவுன்சிலர் தூங்கிட்டாரு. கல்யாணம் பண்ணின ஜோடி அங்கேயே குடித்தனம் பார்த்துட்டாங்க. மோருக்கு ஆவடி வரைக்கும் மாடு தேடினோம். அப்பளம்..."

"அப்பளம் வேணாம்ப்பா! நாங்க இலையை மூடிட்டோம்!"னு கையெடுத்துக் கும்பிட்டாரு ஞானம். "சார், இதையெல்லாம் நம்பறீங்களா நீங்க?"

"அவரே வாயால சொல்றாரு, அப்புறம் என்ன?"ன்னாரு சபேசன். "எவ்வளவு நிதானமா, தேதி வாரியா சொல்றாரு பாரு. ஜெயிச்சது சிகாமணி."

தெய்வசிகாமணிக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. எழுந்து, நுரையோட டேரனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. டேரன் காதுகிட்ட, "நாளைக்கு அண்ணிகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்கண்ணே. ஏழு தடவைன்னு"ன்னான்.

ஞானம் சுருட்டை முடியை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, சுத்துற நாற்காலில போய் உக்காந்தாரு. வாக்கு வாக்குதானே. "ஆனா யாருய்யா அடிக்கிறது? என் தலையை நானே எப்படி அடிச்சுக்குவேன்?"

"நான் அடிக்கிறேன்"னு டேரன் முடி வெட்டுற மிஷினைக் கையில எடுத்தான். எடுத்த விதத்துலயே தெரிஞ்சுது, பழகின கை. "இந்த ரயில் மெஷின் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, எங்க ஊர்ல செம்மறி ஆட்டுக்குக் கம்பளி கத்திரிக்கிற வேலைதான் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருநூறு ஆடு. ஒரு ஆட்டுக்கு ரெண்டரை நிமிஷம்."

சபேசன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, மறுபடி மாட்டிக்கிட்டாரு.

"ஏன் தம்பி, ஒரே மனுஷன், ஒரே நாள்ல, இருநூறு ஆடா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க? கேக்கறவன் கேனையன்னா என்ன வேணா சொல்லலாமா?"

டேரனுக்கு மூஞ்சி இன்னும் செவந்துபோச்சு. "சார், இது நெசம் சார்! எங்க அப்பா மேல சத்தியம்! போட்டோ இருக்கு சார்!"

"ஆட்டுக்கு ரெண்டரை நிமிஷமாம்"னு ஞானம் போர்வைக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. "புளுகலாம்ப்பா, அதுக்காக இப்படியா?"

டேரன் போனை எடுக்கப் போனான். தெய்வசிகாமணி அவன் கையைப் புடிச்சுத் தடுத்தாரு. மீசை மேல இருந்த நுரையைத் துண்டால தொடைச்சு, ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டுக்கிட்டாரு.

"விடு தம்பி. உண்மையைச் சொல்றதுக்கெல்லாம் மூஞ்சில ஒரு மீசை வேணும்."